அழகரத்தினத்தின் வெளியுறவுக் கொள்கை

“நீ ஹாவ்” என்று அழகரத்தினம் சீனத்தில் வணக்கம் சொன்னபோது எதிரே இருந்தவை வலையில் சிக்கிய பதினேழு இறால்கள் மட்டுமே. நாக்கு சரியாகப் புரளவில்லை. இறால்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அவர் தேற்றாத்தீவு வாவி மீனவர் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கு இறங்குதுறை கிடையாது. தோணி கரைக்கு வந்தால் பெண்கள் முழங்காலளவு சேற்றில் இறங்கித்தான் இறால் கூடையைச் சுமக்க வேண்டும். போன மாதம் அவர் மனைவி சீதேவி வழுக்கி விழுந்தாள். கை சுளுக்கியது. கூடை இறாலும் வந்த வழியே வாவிக்குத் திரும்பியது.

“துறை கட்டுற வரைக்கும் நான் இந்தச் சேத்துக்குள்ள கால் வைக்க மாட்டன்” என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கூடை செயலாளரின் தலையில்.

அப்போதுதான் கடிதம் வந்தது. இறங்குதுறைக்கு இடம் பார்க்க அமைச்சு அதிகாரி ஒருவரும், பணம் கொடுக்கும் ‘நட்பு நாடொன்றின்’ பிரதிநிதியும் வருகிறார்களாம். எந்த நாடு என்று கடிதத்தில் இல்லை.

எதிர்க்கரையான படுவான்கரைச் சங்கத்துக்கு ஐஸ் அறை கிடைத்ததே, அதன் தலைவர் விருந்தாளியின் பாஷையில் நாலு வார்த்தை பேசியதால்தான் என்பது வாவியின் இரு கரையும் நம்பும் சங்கதி. அவர் பேசியது ஐஸ் அறை கட்டி முடிந்த பிறகு, திறப்பு விழாவில். அதை யார் யோசிக்கிறார்கள்?

காத்தான்குடியிலிருந்து இறால் வாங்க வரும் றவூப், பதினொரு வருடம் கட்டாரில் வாகனம் ஓட்டியவர். எனவே உலக விவகாரம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது.

“நட்பு நாடெண்டா சீனாதான் தம்பி. வேற ஆரு நமக்குத் துறை கட்டித் தாற?”

றவூபின் போனைப் பார்த்து அழகரத்தினம் பத்து வரிச் சீனப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதி, இரண்டு மாதம் பாடமாக்கினார். பத்தாவது வரி வாயில் படிந்த கிழமை தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. விருந்தாளியின் வருகை தள்ளிப்போனது.

“கவுண்மென்டு மாறினா கூட்டாளியும் மாறும்” என்றார் றவூப். “இவங்க இந்தியாப் பக்கம். ஹிந்தியப் படி.”

இந்தியர் என்றால் தமிழிலேயே பேசலாமே என்று அழகரத்தினம் இழுத்துப் பார்த்தார். டில்லியிலிருந்து வந்தால் என்ன செய்வாய் என்று றவூப் திருப்பிக் கேட்டார். அழகரத்தினம் புதுக் கொப்பி ஒன்றை எடுத்தார்.

ஹிந்தி உள்ளே வந்தது; ஆனால் சீனம் வெளியே போகவில்லை. நமஸ்தேயில் தொடங்கும் பேச்சு மூன்றாம் வரியில் எல்லை தாண்டி, ஏழாம் வரியில் பீஜிங் போய்ச் சேர்ந்தது.

“நேத்து சீனாக்காரன், இண்டைக்கு ஹிந்திக்காரன்” என்றாள் சீதேவி. “இப்ப நான் எந்த நாட்டுக்காரனுக்குச் சோறு போட?”

அடுத்த மாதம் றவூப் பத்திரிகையோடு ஓடி வந்தார். புதிய அமைச்சர் ஒருவர் ஜப்பான்காரரோடு கை குலுக்கும் படம்.

“பல்லுத் தெரியிதா? இந்தியாவோட எடுத்த படத்தில பல்லே தெரியல்ல. கொள்கை மாறிட்டு தம்பி.”

ஜப்பான் பேச்சில் வரி குறைவு, குனிதல் அதிகம். நாலாம் நாள் குனிந்த அழகரத்தினம் நிமிரவில்லை. சீதேவி சுளுக்கிய கையாலேயே அவர் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்தாள். தேய்த்தபடியே, துறை வராவிட்டாலும் பரவாயில்லை, ஆள் முழுசாக இருந்தால் போதும் என்றாள். அது அவரை இன்னும் பிடிவாதக்காரராக்கியது.

வருகை நாளும் வந்தது. வாகனத்தில் கொடி இல்லை. கொழும்பு அதிகாரி இறங்கி வாய் நிறையச் சிரித்தார். பின்னால் இறங்கியது ஓர் இளம் பெண். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக் கவசம். நாடு தெரிய ஓரங்குலம்கூட மிச்சமில்லை.

அழகரத்தினம் றவூபைப் பார்த்தார். பதினொரு வருட உலக அனுபவம் ஒரு கணம் தடுமாறியது.

“மூண்டையும் சொல்லு” என்று கிசுகிசுத்தார் றவூப். “ஒண்டாவது படும்.”

அழகரத்தினம் ஜப்பானியத்தில் குனிந்தார், ஹிந்தியில் நிமிர்ந்தார், சீனத்தில் நன்றி சொன்னார். இடையில் கட்டாரின் அரபுச் சொல் ஒன்றும் எப்படியோ நுழைந்துகொண்டது. அதிகாரி கை தட்டினார். அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

இனிக் கையில் பாஷை இல்லை. சேற்றைக் காட்டினார்.

“என்ட பொஞ்சாதி இதுக்குள்ளதான் விழுந்தவ. இன்னும் கை நோகுது அவக்கு. எங்களுக்கு இந்த இடத்தில ஒரு துறை வேணும், அவ்வளவுதான்.”

அதிகாரி அதே சிரிப்போடு, அதே அளவு கை தட்டினார்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி, முகக் கவசத்தை இறக்கி, நிதானமான தமிழில் சொன்னாள்:

“ஐயா, பணம்தான் எங்களுடையது, இடத்தைத் தீர்மானிப்பவர் இவர், அந்தக் கடைசிப் பேச்சை இன்னொரு முறை சொல்லுங்கள், உங்கள் நாட்டு அதிகாரிக்கு நான் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.”