மூளைக்குப் போனவள்

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் 'எந்த வகை மருத்துவராக விருப்பம்?' என்ற கட்டத்தை அவள் மூன்றாவது தடவையாக அழித்தாள். தாளே ஓட்டையாகிவிட்டது.

முதலில் 'குடும்ப மருத்துவர்' என்றுதான் எழுதியிருந்தாள், மனதார. சித்தியின் போன் வந்து கெடுத்தது.

"அக்கா, எங்க மகாராணி இதய ஆபரேஷன் டாக்டர் பக்கத்துல நின்னு பாக்குறா! உன் பொண்ணு எங்க?"

"தெருமுனை கிளினிக்ல..." அம்மாவின் குரல் உள்ளே போயிற்று. "சளி, இருமல்..."

கேட்டுக்கொண்டிருந்த அவள் ரப்பரை எடுத்தாள். சித்தி மகள் இவளுக்கு இரண்டே மாதம் இளையவள். ரிப்பன் கட்டிய காலத்திலிருந்தே போட்டி.

விண்ணப்பத்தோடு, ஒரே டாக்டரிடம் பத்து நாள் உட்கார்ந்து பார்த்ததாகக் கடிதம் வேண்டும். கிளினிக்கில் ஐந்து நாள் முடிந்திருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டே வாரம்.

"டாக்டர், நான் மூளைப் பக்கம் போறேன்."

"பாதிதானேம்மா பாக்கி? ஒருத்தரைத்தான் உட்கார வைப்பேன். போனா இடம் போயிடும்."

"போகட்டும் டாக்டர்!"

பெரிய ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. அவள் பார்த்ததெல்லாம் பதினொரு பேருடைய முதுகு. மறுநாளும் அதே முதுகுகள். மூன்றாம் நாள் நின்றபடியே தூங்கி, மயக்க மருந்து டாக்டர் மேல் சாய்ந்தாள்.

"வீட்டுக்குப் போம்மா," என்றார் அவர். "இனி வராதே."

வீட்டில் அதைவிடக் கூத்து. மூளையையே தன் பெண் கையில் பிடித்ததாக அம்மா சித்தியிடம் அளந்துவிட்டிருந்தாள். எதிர்வீட்டு மாமா ஒற்றைத் தலைவலியோடு வந்து, "நீயே பாத்துடும்மா," என்று தலையை நீட்டினார்.

மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினாள். இன்று உட்கார்ந்தால்கூடப் பத்து நாள் தேறிவிடும்.

ஜன்னலில் டோக்கன் கொடுக்கும் நர்ஸக்கா கையை விரித்தாள். "இடம் ஏதுடி? நீ போன மறுநாளே உன் சித்தி பொண்ணு வந்து உட்கார்ந்துட்டா."

"அவளா? அவ இதயத்துலதானே இருந்தா!"

"அது வேற வழியில்லாம போனது. முதல்ல இங்கதான் வந்து கேட்டா. நீ உட்கார்ந்திருக்கன்னு தெரிஞ்சதும், உனக்கு மட்டும் எல்லாம் அமையுதேன்னு இதே ஜன்னல்ல நின்னு ஒரு மணி நேரம் அழுதாடி!"