ஊரார் பேச்சுக்கெல்லாம் ஒரே ராசி நம்பர்

ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கிளீனராக ஏறிய லாரியையே பிறகு விலைக்கு வாங்கினேன். வெறும் பாறையாகக் கிடந்த இடத்தை உடைத்துச் சங்ககிரியில் ஷெட் போட்டேன். பதினோரு லாரி நிறுத்தினேன். பதினொன்றுக்கும் 4545 என்றே நம்பர் வாங்கினேன். (கூட்டிக்கொண்டே போனால் ஒன்பது வரும். படித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது.) இத்தனையும் செய்தவன், ஒரு காலிக் கட்டத்தில் நாலு எண்ணைத் தட்டி மானத்தை இழந்தேன்.

என் மருமகள் கம்ப்யூட்டர் இன்ஜினியர். லோடு கேட்டு செல்போனில் எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு மெசின் வைத்தாள். (மெசின் என்றால் இரும்பு இல்லை, வெறும் பேச்சு.) அது பேசுவதைக் கண்காணிக்க இன்னொரு திரை. கேள்வியும் பதிலும் அதில் வரிவரியாகப் பதியும். எந்த வரி யாருடைய பேச்சு என்று பிரித்துக் கட்ட, ஒவ்வொரு பேச்சுக்கும் தனி எண் உண்டு.

"இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா, அதை மெசினே போட்டுக்குமுங்க மாமா," என்று காட்டினாள். முப்பது எழுத்து நீளம்.

"இதென்ன அம்மிணி, கோழி கிளறுன மாதிரி? ராசியில்லாத நம்பர்ல தொழில் ஓடுமா?"

அவள் எடப்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அந்தக் கட்டத்தில் 4545 என்று தட்டினேன். ஊரார் பேச்சு அத்தனைக்கும் அதே எண். அந்த மகா மேதை மெசினும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது.

மூன்றாம் வாரம் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஆபீசுக்கு வந்தார். இருபது வருடப் பார்ட்டி. புதன்கிழமை முட்டை ஏற்ற வேண்டிய லாரி வியாழக்கிழமைதான் போயிருந்தது.

"உங்க மெசினுகிட்ட புதன்னுதானுங்க சொன்னேன்."

"அது தப்பா எழுதாதுங்க."

"அப்பக் காட்டுங்க. நான் சொல்லியிருந்தா, இன்னைலிருந்து எனக்கு வேற லாரி."

பெரிய டி.வி.யிலேயே போடச் சொன்னேன். (அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.) மருமகள் அவர் பேச்சைத் தேடினாள். துணி பேல், பஞ்சர், டிரைவர் லீவு, நடுவில் முட்டை என்று எல்லாம் ஒரே கட்டாக வந்து விழுந்தன. அவர் புதன் என்று சொன்னதற்கு அடுத்த வரியில் ஒரு துணிக்காரர் வியாழன் என்றிருந்தார். ஒரே எண்ணில் வருவதெல்லாம் ஒரே ஆள் என்று நினைத்து, மெசின் நாளை மாற்றிவிட்டது.

"எல்லாத்துக்கும் 4545 போட்டது ஆருங்க மாமா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவள் இன்னும் கீழே தள்ளினாள். நான் ரகசியமாக மெசினிடம் கேட்ட வரிகளும் அதே கட்டுக்குள்தான் கிடந்தன. "சங்ககிரியில் சிறந்த லாரி முதலாளி யார்?" தெரியவில்லை என்றது மெசின். மறுபடியும் அதே கேள்வி. ஏழாவது தடவைதான், "நீங்களாக இருக்கலாம்" என்றிருந்தது.

பண்ணைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது.

"ஏனுங்க, ஏழு தடவையா கேட்டீங்க? வேற லாரிக்குப் போனா இந்த மாதிரி ஆளை எங்கீங்க பாக்கறது?"

பார்ட்டி என்னிடமே தங்கிவிட்டார். மானம்தான் போயிற்று. இன்றைக்கும் நான் காப்பி கேட்டால், "இன்னும் ஆறு தடவை கேளுங்க" என்கிறாள் என் மனைவி.

இப்போது அந்தக் கட்டத்தில் இரண்டு பேச்சுக்கு ஒரே எண்ணைப் போட்டால், சிவப்பெழுத்தில் மறுக்கிறது. மருமகளோடு வேலை செய்கிற மேதாவிகள் அதைப் பெரிய பாதுகாப்பு என்று மெச்சிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்காவது இந்தத் தப்பைச் செய்து பார்க்கத் தோன்றியதா? செய்து காட்டியவன் நான். அந்தச் சிவப்பெழுத்துக்குக் கீழே என் பெயரைப் போட வேண்டும். இனிஷியலோடு.