தேசிரே தாத்தாவின் கலவை

"போன வாரம் ஆரஞ்சுத் தோலுன்னு எழுதினீங்க. பெட்டி பெட்டியா வாங்கிப் போட்டிருக்கேன். இப்ப வந்து ஜாதிக்காய்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

ரம்பார்ட் தெருவில் பார் நடத்துபவர் கத்திய கத்தலில் ஒக்டேவ் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். காக்டெயில்களின் வரலாறு எழுதுவதுதான் அவர் பிழைப்பு. எந்தப் பானம் எந்தக் கடையில் பிறந்தது என்று அவர் சொல்லிவிட்டால் நியூ ஆர்லியன்ஸில் மறுபேச்சு கிடையாது. மறுநாளே சுவரில் பலகை ஏறிவிடும். அப்பேர்ப்பட்டவரை ஒரே ஒரு பானம் மூன்று வருடமாக ஆட்டிவைத்தது.

அது செலஸ்டீனின் கொள்ளுத்தாத்தா தேசிரே கண்டுபிடித்ததாம். செய்முறை செலஸ்டீனுக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமைதோறும் ஒக்டேவ் அவளுடைய சின்ன பாருக்குப் போவார். அவள் கலந்து கொடுப்பாள். இவர் ருசித்துப் பத்திரிகையில் எழுதுவார். ஊரே அதைக் காப்பியடித்து முடித்திருக்கும் வேளையில், "அடடா, ஒண்ணை மறந்துட்டேனே" என்பாள்.

இஞ்சி வந்தபோது, தேசிரே துறைமுகத்தில் வேலை பார்த்ததே அதற்குக் காரணம் என்று ஒக்டேவ் நிறுவினார். இஞ்சி போய் அன்னாசி வந்தது. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பார்க்காரர்கள் இஞ்சிக் கட்சி, அன்னாசிக் கட்சி என்று பிரிந்து முறைத்துக்கொண்டார்கள். சமாதானமாக, இரண்டுமே இல்லை, ஆரஞ்சுத் தோல்தான் என்று அறிவித்தார். இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து அவர்மேல் பாய்ந்தன.

இன்று சாயங்காலம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. பாக்கியிருப்பது தேசிரே அத்தியாயம் மட்டும். அது முடிந்தால் திங்கட்கிழமையும் முடிந்தது. ஒக்டேவ் ஐம்பது தாண்டிய தனிக்கட்டை. வாரத்தில் அந்த ஒரு நாளுக்குத்தான் அவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்.

பாரில் வழக்கமான திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. செலஸ்டீனின் அண்ணன் அல்சீட், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைப் பானையில் போட்டார். நேற்றைய ஊர்வலக் கூட்டத்துக்கு வாங்கிய பீச் பழங்கள் கூடையில் கொஞ்சம் கிடந்தன.

"நல்லா யோசிச்சு ஊத்துங்க, செலஸ்டீன். இதான் கடைசி. இனிமே வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "கடைசியா?"

"சாயங்காலம் அச்சுக்குப் போவுது."

அவள் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள். ஒக்டேவ் ஒரு வாய் குடித்தார்.

"பீச் பழமா? போன வாரம் ஜாதிக்காய்னீங்களே."

"பீச்தான். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு." கவுண்டரைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "ஆனா இன்னும் ஒண்ணு இருக்கு. நாக்கு நுனியில நிக்குது. அடுத்த திங்கக்கிழமை வந்தீங்கன்னா சொல்லிடுவேன்."

"புத்தகம்?"

"புத்தகம் எங்க ஓடிடப் போவுது?"

ஐஸ் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். ஐஸ் வாளி கவுண்டரில் நிறைந்துதான் இருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் ஒக்டேவ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் வரலாறு சொன்ன மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அல்சீட், நீங்களாவது சொல்லுங்க. உங்க கொள்ளுத்தாத்தா அதுல என்னதான் போட்டார்?"

அல்சீட் கரண்டியைப் பானை விளிம்பில் தட்டி வைத்தார்.

"அவர் பால்காரர், புரொபசர், வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல, ஞாயித்துக்கிழமை மிஞ்சினது என் பானையில விழுந்தா பீன்ஸ், உங்க கிளாஸ்ல விழுந்தா தேசிரே தாத்தா, இந்த மூணு வருசமா அவ காத்திருக்கிறது நீங்க வேற ஒண்ணு கேப்பீங்கன்னுதான்."