பல்லாரி அண்ணாச்சி வேண்டாம் என்று சொன்ன நாள்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் பல்லாரி அண்ணாச்சிக்குக் காப்பி கொடுக்காத வீடு ஒன்றை யாராவது காட்டினால், அந்த வீட்டுக்கு இன்னும் கிரகப்பிரவேசம் ஆகவில்லை என்று அர்த்தம். ஆகியிருந்தால் பால் காய்ச்சிய அன்றைக்கே முதல் டம்ளர் அவருக்குத்தான் போயிருக்கும்.

எங்கள் பக்கத்தில் பெரிய வெங்காயத்துக்குப் பல்லாரி என்று பெயர். அண்ணாச்சிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் பல்லாரி மொத்தக் கடை. சுற்றுவட்டாரத்து மளிகைக் கடை, ஓட்டல், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் மூட்டை அங்கிருந்துதான் போகும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரை மட்டும் போட்டுவிட்டதால், யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் பாதி ஊர் குழம்பியது. கடைசியில் ‘பல்லாரி’ என்று சேர்த்து மறுபடியும் அச்சடித்தார்கள்.

உலகத்தில் அவரால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல வராது. ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் கை நனைக்காமல் திரும்பினால் அது பகை என்பது எங்கள் ஊர் வழக்கம். அண்ணாச்சி அந்த வழக்கத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். அவர் வீட்டுக்குள் போக வேண்டும் என்பதுகூட இல்லை. தெருவில் போகும்போது யாராவது “வாங்க” என்றால் போதும், சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிடுவார். ஒரு தடவை பஸ் கண்டக்டர் வேறு யாரையோ பார்த்து “வாங்க வாங்க” என்றதற்கு ஏறி, சம்பந்தமில்லாமல் சுரண்டை வரை போய்வந்தவர்.

இப்படிப்பட்ட மனிதர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொண்டால் என்ன ஆகும்? நான்கு வருஷம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

வருஷா வருஷம் சாரல் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது நல்ல காரியத்துக்காக எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டம் நடக்கும். காலை ஆறு மணிக்குக் குற்றாலம் ஐந்தருவியில் கிளம்பி, தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக முக்கூடல் போய், அங்கே திரும்பி அம்பாசமுத்திரம், கடையம் வழியாக மாலை ஆறு மணிக்குள் ஐந்தருவிக்கே வந்து சேர வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். நானும் அதில் ஓட்டுவேன். நாற்பத்தைந்து வயதில் ஒரு கணக்கு டீச்சருக்கு இது எதற்கு என்று கேட்டால், எனக்குச் சர்க்கரை. அண்ணாச்சிக்கு எதற்கு என்று கேட்டால், யாரோ “வாங்க” என்றார்கள்.

மற்றவர்கள் ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய கியர் சைக்கிளில் வருவார்கள். அண்ணாச்சி கேரியரும் ஸ்டாண்டும் செயின் மூடியுமாக ஒரு கறுப்பு சைக்கிளில் வருவார். மடித்துக் கட்டிய வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன்மேல் நம்பர் துணி, தலையில் ஹெல்மெட்.

முதல் வருஷம் ஆலங்குளத்தோடு ஆள் காணாமல் போனார். ஓட்டத்துக்குப் பின்னால் வரும் வேன்காரர் தேடிப் போய், ஒரு பூப்புச் சடங்கு வீட்டுப் பந்தியில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். இரண்டாம் வருஷம் முக்கூடல் வரை எட்டினார். அங்கே ஒரு நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றப் பெரிய ஆள் இல்லையென்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் போட்டோவில் இரண்டு வீட்டாருக்கும் நடுவில் எண் நாற்பத்தொன்று என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு சிரிக்கிறார். மூன்றாம் வருஷம் அம்பாசமுத்திரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நடுச்சுவர்த் தகராறு தீர்த்துவைத்தார். நான்காம் வருஷம் பாவூர்சத்திரத்தையே தாண்டவில்லை. அது அவருடைய சொந்தக் கடை இருக்கும் ஊர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வருஷம் ஓட்டம் டயாலிசிஸ் நோயாளிகளுக்காக என்று முடிவானது. எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் மெர்சிக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. பண்பொழியிலிருந்து வாரம் மூன்று நாள், செங்கோட்டையில் பஸ் மாறி, தென்காசி ஆஸ்பத்திரிக்கு வந்து போவாள். அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் போல இன்னும் எட்டு ஒன்பது பேர் வந்தார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னோம். அவள் அதிகம் பேசவில்லை.

“ஊசி குத்தின கையால பஸ் கம்பியைப் பிடிக்க முடியல. ஒரு வேன் இருந்தா உக்காந்து வீட்டுக்குப் போவோம். அவ்ளோதான்” என்றாள்.

கூட்டத்துக்குச் செங்கோட்டையிலிருந்து மரக்கடை முதலாளி ஒருவர் வந்திருந்தார். அண்ணாச்சியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அந்த உரிமையில் எப்போதும் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அன்றைக்கும் எழுந்து, வேனை நானே வாங்கித் தருகிறேன், ஆனால் ஒரு கண்டிசன் என்றார். பல்லாரி இந்த வருஷம் எந்த வீட்டு முன்னாலும் கால் ஊன்றாமல், எவர் கையிலும் எதுவும் வாங்கிக் குடிக்காமல், ஆறு மணிக்குள் ஐந்தருவிக்கு வந்து சேர வேண்டும். வழியில் ஓட்டக்காரர்களுக்கு வைத்திருக்கும் தண்ணீரும் வாழைப்பழமும் மட்டும் பரவாயில்லை. இதைக் கேட்டுக் கூட்டமே சிரித்தது. மெர்சியும் சிரித்தாள், ஆனால் அவள் முகத்தில் வேன் போய்விட்டது என்று எழுதியிருந்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் கீழே வைத்தார். அவர் எதையும் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

“சரிலே. ஓட்டுதேன்” என்றார்.

சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார் மரக்கடைக்காரர். கணக்கு டீச்சர் பொய் சொல்ல மாட்டாள் என்ற வீண் நம்பிக்கையில் என்னை அண்ணாச்சி கூடவே ஓட்டி வரச் சொன்னார்கள்.

இங்கேதான் அண்ணாச்சி ஒரு பெரிய தப்புச் செய்தார். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஓட்டத்துக்கு முந்தின வாரம், வழியிலுள்ள ஒவ்வொரு வீடாகப் போய், “ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கமா வருவேன், தயவுசெஞ்சு கூப்பிட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டுத்தான் சொன்னார். விளைவு, நான்கு வருஷமாக அவர் வருவது தெரியாமல் இருந்த வீடுகளுக்குக்கூட இப்போது கிழமையும் நேரமும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வர முடியாத மனுஷனுக்கு ரோட்டிலேயே கொடுத்துவிடுவோம் என்று எல்லாரும் பாசத்தோடு தீர்மானித்தார்கள்.

பாவூர்சத்திரத்தில் லோடுமேன்கள் வரிசையாக இளநீர் சீவி வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆலங்குளத்தில் முதல் வருஷத்துச் சடங்கு வீட்டுக்காரர்கள் அந்தப் பெண்ணையே கையில் டம்ளரோடு ரோட்டு ஓரம் நிறுத்தியிருந்தார்கள். அண்ணாச்சி ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, மறு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டபடி, நேராகப் பார்த்துக்கொண்டு போனார். வேண்டாம் என்ற சொல் அப்போதும் அவர் வாயில் வரவில்லை. “நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்” என்று சொல்லிக்கொண்டே போனார். முக்கூடல் போய்ச் சேருவதற்குள் திங்கட்கிழமைக்கு அவர் ஒத்துக்கொண்ட காப்பி முப்பதைத் தாண்டிவிட்டது. நான் எண்ணினேன். கணக்கு டீச்சர் இல்லையா?

அதுவரை காற்று எங்கள் முதுகில் இருந்தது. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, கிழக்கே போகிறவனை ஏதோ தானே பெரிய வீரன் என்று நினைக்க வைக்கும். முக்கூடலில் மேற்கே திரும்பியதும் அது முகத்தில் அறைந்தது. மிதித்தால் நிற்கிறோம், மிதிக்காவிட்டால் பின்னால் போகிறோம் என்ற நிலைமை. கியர் சைக்கிள்காரர்களே வாயைத் திறந்துகொண்டு போனார்கள். பொட்டல்புதூரில் பிரியாணிக் கடை பாய், வாரம் ஐந்து மூட்டை எடுக்கிறவர், நன்னாரி சர்பத்தோடு கூடவே ஓடி வந்தார். கால் கிலோமீட்டர் ஓடி, மூச்சு வாங்கி, சர்பத்தைத் தானே குடித்துவிட்டார்.

அடுத்தது கடையம். அங்கேதான் அண்ணாச்சியின் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் உட்கார்ந்த பந்தியில் பல்லாரிப் பச்சடி தீர்ந்துபோய்விட்டது. பல்லாரிக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எங்களுக்குப் பல்லாரி இல்லையா என்று சம்பந்தி பாதியில் எழுந்தவர்தான். அதற்குப் பிறகு பேச்சில்லை, போக்குவரத்தில்லை. அண்ணாச்சி மகள் வீட்டுக்குள் நுழைந்தே ஒரு வருஷமாகிவிட்டது. மகள் நடுவில் கிடந்து திண்டாடினாள். அவர் முந்தின வாரம் சொல்லாமல் விட்ட ஒரே வீடு அதுதான்.

அந்த வீட்டின் முன்னால், ரோட்டில், சம்பந்தியே கையில் டவரா டம்ளரோடு நின்றிருந்தார். வாசலில் மகள் நின்றாள்.

அண்ணாச்சியின் முன்சக்கரம் ஆடியது. இறங்கினால் வேன் போச்சு. இறங்காமல் போனால் மகளின் வீடு போச்சு. நான் மட்டும்தான் சாட்சி, நான் ரோட்டின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் காரியம் முடிந்தது என்றுகூட எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன்.

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்” என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கால் ஊன்றாமல், அந்தக் கனத்த சைக்கிளில், ரோட்டின் நடுவே நின்ற சம்பந்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரதட்சிணம் மாதிரி மூன்று சுற்று. பின்னால் வந்த மினிபஸ் நின்றது. சம்பந்தியும் டம்ளரோடு கூடவே திரும்பித் திரும்பி, தலை சுற்றிப்போனார்.

“சம்பந்தி, இந்தக் காப்பிக்கு ஒரு வருசமாக் காத்துக் கெடக்கேன். ஆனா இன்னைக்கு எறங்க முடியாது. இப்ப வேண்டாம். ஆறு மணிக்கு ஐந்தருவில வச்சு உங்க கையால தாங்க” என்றார் அண்ணாச்சி.

சம்பந்தி முகம் இறுகிப்போய், டம்ளரோடு உள்ளே போய்விட்டார். மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அண்ணாச்சி சைக்கிளைத் தென்காசிப் பக்கம் திருப்பினார்.

கொஞ்ச தூரத்தில் எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. காற்று வேறு. நான் ஓட்டத்துக்குப் பின்னால் வரும் வேனில் ஏறிக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன்.

“சாட்சி இல்லாம நான் போய் என்ன செய்ய? எனக்குப் பின்னால ஒட்டினாப்புல வாங்க டீச்சர். நான் அகலமான ஆளு” என்றார்.

உண்மைதான். அந்த முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. காப்பியும் பாயசமுமாக அவர் வளர்த்த உடம்பு அன்று எனக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சுவராக வந்தது. தென்காசியில் மழை பிடித்தது. மேலகரம் தாண்டி குற்றாலம் ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் அவர் ஒரு சாமி பெயரைச் சொன்னார். சாமிகள் தீர்ந்ததும் வாடிக்கைக் கடைகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஐந்தருவிக்கு நாங்கள் வந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மரக்கடைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “எங்கனயும் கால் ஊணலையே டீச்சர்?” என்றார். இல்லை என்றேன். ஒரு சொட்டு? இல்லை. அவர் குடையை மடக்கிவிட்டு, நனைந்தபடியே அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்தார். வேன் அடுத்த மாசம் வரும் என்று அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெர்சி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தியும் மகளும் இறங்கினார்கள். சம்பந்தியின் கையில் பிளாஸ்க். அவர் அதன் மூடியில் காப்பியை ஊற்றி அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கினார்.

வாங்கியவர் குடிக்கவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சம்பந்தியின் தோளில் கை போட்டு ஆட்டோவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் புரியவில்லை. சாட்சியின் வேலை இன்னும் முடியவில்லை என்ற நினைப்பில் நானும் பின்னாலேயே போனேன். ஆட்டோவின் மறைவில் குனிந்து நின்று, அவசர அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டு ஏன் அண்ணாச்சி ஒளிந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மெதுவாப் பேசுங்க டீச்சர். மெர்சி டீச்சருக்கு ஒரு நாளைக்கு இத்தன தம்ளர் தண்ணிதான்னு டாக்டர் அளந்து வச்சிருக்காராம். ரெண்டு வருசமா எல்லா வீட்டுலயும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுதாங்க. ஒரு நா சொல்லதுக்கே எனக்கு உசுரு போயிட்டு. அவங்க பாக்க வச்சு எப்படிக் குடிக்க?”

இரண்டு வருஷமாக மெர்சியும் நானும் ஒரே ஸ்டாஃப் ரூமில், எதிரெதிர் நாற்காலியில் உட்காருகிறோம். காலையும் மாலையும் அவளுக்கு முன்னால்தான் நான் டீ குடித்திருக்கிறேன்.

நான், பெஞ்சிலிருந்து பார்த்தால் அவர் தெரியாதபடி, ஆட்டோவின் ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அது ஒரு குறை என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததில்லை.