ஹாரன் செய்த பஸ் ரேஸ்

மதுரை ஜில்லாவிலேயே ஜெயிக்கத் தெரியாத ஒரே ஆள் ஹாரன்தான். அவன் செய்த கேமிலும் யாரும் ஜெயித்ததில்லை.

நான் மினிபஸ் டிரைவர். விளாங்குடியில் அவன் எனக்குப் பக்கத்து வீடு. செல்போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் கடையை மூடிவிட்டு, போனில் ஆடுகிற பஸ் ரேஸ் ஒன்றைத் தனியாளாகச் செய்ய உட்கார்ந்தான். மூன்று வருஷம் எழுந்திருக்கவில்லை. என் வண்டியில் ஏறி இன்ஜின் மேல் போனை வைத்துச் சத்தம் பிடிப்பான். ரூட்டில் ஓடிய எல்லா பஸ்ஸின் ஹாரனையும் பிடித்தான். பேர் அப்படி வந்தது. செக்கிங் ஆள் என்று பயந்து என் கண்டக்டர் ஒரு வாரம் எல்லோருக்கும் ஒழுங்காக டிக்கெட் கிழித்தார்.

கேமில் இரண்டு பஸ். உசிலம்பட்டியில் கிளம்பி மதுரைக்கு முதலில் வர வேண்டும். நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளம் இருக்கிற இடத்தில் பள்ளம் இருக்கும். ஆள் ஏற ஏற ஸ்டீயரிங் கனக்கும். என் மகன் ஆடுகிற பெரிய கேமில்கூட அது கிடையாது. நாகமலை ஓரம் சாயங்கால வெளிச்சம் விழும். விலை ஒரு டீக்காசு.

கெட்டதும் சொல்ல வேண்டும். வளைவில் ஒடித்துத் திருப்பினால் பஸ் ரோட்டுக்குள்ளேயே புதைந்துவிடும். போன் கொதிக்கும். எதிரி பஸ் செக்கானூரணியில் நின்றுவிடும். ஏன் என்று கேட்டேன்.

"அதுக்கு மேல அதுக்கு வழி சொல்லித் தரலண்ணே."

அப்படியும் ஜெயிக்க முடியாது. செக்கானூரணி தாண்டினால் நடுரோட்டில் ஒரு மாடு நிற்கும். இடிக்க முடியாது. சுற்றிப் போக முடியாது. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கும். அந்தத் தலையைத் திருப்ப வைக்க மட்டும் இரண்டு மாதம் உழைத்தான்.

"எப்ப மாப்ள நகரும்?"

"அதுக்குத் தோணுறப்ப."

"எடுத்துரு. எவன் அம்புட்டு நேரம் நிப்பான்?"

"நீங்க நிப்பீங்கள்லண்ணே. மாட்டை இடிச்சுட்டா போறீங்க?"

நான் நிற்பேன்தான்.

அவன் மனைவி செல்வி தை வரை கெடு கொடுத்திருந்தாள். அதற்குள் கேம் ஓடாவிட்டால், திருப்பூரில் அவள் அண்ணன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் போய்விட வேண்டும். அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷம் வீடு ஓடியது அவள் தையல் மிஷினில்.

மார்கழிக் கடைசியில், கேம்களை ஆடி வீடியோ போடும் சென்னைப் பையன் ஒருவன் இதை ஆடினான். ஊரெல்லாம் பார்க்கும் வீடியோ. என் போனில் மூன்று பேரும் பார்த்தோம். சத்தம் செம, ரோடு செம என்றான் பையன். ஹாரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மாடு வந்தது. பையன் ஹாரன் அடித்தான். மாடு பார்த்தது. ஒரு நிமிஷம் விடாமல் அடித்தான். கேம் ஹேங் ஆகிவிட்டது, வேஸ்ட் என்று அழித்துவிட்டான். கீழே கமெண்டில் அத்தனை பேரும் சிரித்திருந்தார்கள்.

ஹாரன் என் கையை விட்டான்.

"இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா போயிருக்கும்ணே."

"மாடு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் செல்வி. எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

தை பிறந்து நாலாம் நாள் கிளம்பினார்கள். திருப்பூர் பஸ் ஏற அரப்பாளையம் வரை என் வண்டிதான். ஹாரன் முன் சீட்டில் கம்ப்யூட்டரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பின்னால் வந்த பஸ் இரண்டு என்னைத் தாண்டிப் போயின. கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்தார். எனக்கு மூன்றாவது கியர் போட மனசு வரவில்லை.