ராட்ராக் சாவியும் ஏழு பன்றிகளும்

வ்ரபோவா,
டிசம்பர் நாலு, ஞாயிறு சாயங்காலம்

பெருமதிப்புக்குரிய மச்சான் இம்ரிக் அவர்களின் ஒடிந்த வலது காலுக்கும், மிச்சமிருக்கும் அவருக்கும், அவர் தங்கையைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷமாகத் தாக்குப்பிடிக்கும் வெந்தெலின் எழுதிக்கொள்வது. இங்கே நான், ஜோஃப்கா, கோழிகள் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் காலும் மாவுக்கட்டும் இரத்த அழுத்தமும் சண்டை போடாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டம்மா யொலானா அக்கா உங்கள் கைபேசியைப் பிடுங்கி வைத்தது நியாயம்தான். எங்களைத் திட்டத் திட்ட உங்களுக்கு அழுத்தம் ஏறுகிறதாம். எங்களுக்கு ஏறுவதை அளக்கத்தான் ஆள் இல்லை. "நல்ல சேதி மட்டும் எழுதறதா இருந்தா எழுது வெந்தெலின், இல்லேன்னா பேனாவைத் தொடாதே" என்று அக்கா சொல்லிவிட்டார். ஆகவே இதில் உள்ளது முழுக்க நல்ல சேதி. கூடையில் மேலே ஆப்பிள், அதற்குக் கீழே தொத்திறைச்சி, அதற்கும் கீழே இந்தக் கடிதம். அக்காவுக்கு ஆப்பிள் வரைக்கும் தெரிந்தால் போதும்.

நாற்பது வருஷம் பனியில் சறுக்கி ஒரு கீறல் படாத மனிதர், பனியே விழாத நவம்பரில் குளியலறைச் சோப்பில் சறுக்கினதை ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை. போன ஞாயிறு நானும் ஜோஃப்காவும் கோயில் முடிந்து நேராக உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், சூப்புக்குப் பதில் நீங்கள் இடுப்பில் துண்டோடு ஸ்ட்ரெச்சரில் வருகிறீர்கள். மேலே உங்கள் நீலக் கோட்டைப் போர்த்தி இருந்தார்கள். அந்த நிலையிலும், தண்ணீரைப் பனியாக்கி ஊதும் பீரங்கியை வைத்துச் சரிவில் பனி போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு, விசில், கையுறை, அதோடு பதினாலு உத்தரவு கொடுத்தீர்களே, சரிவைச் சமப்படுத்தும் ராட்ராக் வண்டியின் சாவியை மட்டும் கொடுத்தீர்களா? இல்லை. கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் அதை வைத்து எதை ஓட்டுகிறீர்கள், கட்டிலையா?

திங்கள் காலை பட்டணத்துப் பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், சறுக்கப் பழக வருகிறார்கள். ஹ்ருஷ்கோவா டீச்சர் ஞாயிறு மத்தியானமே வந்து, கத்துக்குட்டிச் சரிவில் மேலிருந்து கீழ் வரை முப்பது சென்டிமீட்டர் பனி இருக்கிறதா என்று அளப்பார். ஓரிடத்தில் குறைந்தாலும் இந்த வகுப்பும், பின்னால் வரவேண்டிய அத்தனை வகுப்பும் எதிர் மலைக்குப் போய்விடும். அப்புறம் குளிர்காலம் முழுக்க நம் சரிவில் ஆடுதான் மேயும், விசில் ஊத நீங்கள் தேவையில்லை. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் மறக்கவில்லை என்று காட்டத்தான் எழுதினேன்.

புதன் வரைக்கும் வெயில், ஈ பறந்தது. வியாழன் காலை வெப்பமானி பூஜ்யத்துக்கு ஆறு டிகிரி கீழே இறங்கிவிட்டது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பம்ப்காரன் காஷ்பரின் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஏழு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊரில் பம்ப் தெரிந்தவனும் அவன்தான், பன்றி அறுக்கத் தெரிந்தவனும் அவன்தான், இரண்டுக்கும் முதல் குளிர்தான் வேண்டும் என்பது பதினாலு உத்தரவு போட்ட உங்களுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். காஷ்பர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்கிறான்:

"இந்தக் குளிரு சனிக்கிழமை போயிடுமாம் வெந்தெலின். கறி கெட்டுதுன்னா இந்த ஏழு பேரும் என்னைத்தான் உப்புல ஊற வைப்பாங்க."

"எனக்கும் அதே குளிருதான்யா! நீ வால்வைத் திருகலேன்னா பீரங்கி வெறும் காத்தைத்தான் ஊதும்."

"ரெண்டு எடத்துல நிக்க எனக்கென்ன ரெண்டு ஒடம்பா இருக்கு?"

"வயித்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

வரிசையில் இருந்த ஜோஃப்கா என்னை ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்பில்தான் எனக்கு யோசனை உதித்தது. பன்றிகளை மேலே கொண்டு போய்விட்டால்? பம்ப் அறையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காஷ்பர் ஒரு கையில் வால்வு, ஒரு கையில் கத்தி. எட்டு மணிக்கெல்லாம் ஏழு பன்றி, ஏழு கொப்பரை, கொதிநீரில் போட்டு மயிர் வழிக்கும் ஏழு மரத்தொட்டி, பூண்டு, அரிசி, பிளம் சாராயம் எல்லாம் டிராக்டரில் சரிவின் உச்சிக்கு ஏறிவிட்டன. பனிப் பீரங்கி ஒரு பக்கம் உறுமுகிறது, பன்றிகள் ஒரு பக்கம் உறுமுகின்றன. நான் நடுவில் விசில் ஊதுகிறேன். இவ்வளவு ஒழுங்காக உங்கள் காலத்தில் வேலை நடந்ததே இல்லை.

உங்கள் ஒன்பதாவது உத்தரவு, மணிக்கொரு தடவை பீரங்கியைத் திருப்ப வேண்டும் என்பது. அது கொஞ்சம் விட்டுப்போயிற்று. நீங்களே இருந்திருந்தாலும் அரிசி அடைத்த ஹுர்கா தொத்திறைச்சி சுடச்சுட வெந்துகொண்டிருக்கும்போது எழுந்து போயிருக்க மாட்டீர்கள். வெள்ளி சாயங்காலம் திரும்பிப் பார்த்தால், பனி எல்லாம் ஒரே இடத்தில் தீயணைப்பு நிலையத்தின் கூரை உயரத்துக்குக் குவிந்து நிற்கிறது, கீழே சரிவு முழுக்கப் பச்சைப் புல். ராட்ராக் ஓடினால் இரண்டு மணி நேர வேலை. அக்காவுக்குப் போன் போட்டேன். கோட்டு ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டி இருக்கிறதாம், உங்களிடம் ராட்ராக் என்ற சொல்லையே எடுக்கக் கூடாதாம்.

"மொதல்ல உன் கால்சட்டைப் பையைப் பாரு" என்றாள் ஜோஃப்கா.

"பார்த்தாச்சு."

"எந்தக் கால்சட்டை?"

எதைத் தொலைத்தாலும் என் கால்சட்டையைச் சொல்வது உங்கள் குடும்ப வழக்கம் மச்சான்.

அப்புறம் அவளே ஏப்ரனை இழுத்துக் கட்டிக்கொண்டு, காலியாக இருந்த மரத்தொட்டியில் பனியை அள்ளிக் கொட்டி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, "தள்ளு!" என்றாள். தள்ளினேன். உங்கள் தங்கை போன வேகத்தை இந்த மலை உங்களிடம்கூடப் பார்த்ததில்லை. கீழே போய்க் கவிழ்த்துவிட்டு, புல் அப்பி முட்டைக்கோஸ் நிறத்தில் எழுந்து நின்று, "அடுத்தது!" என்று கத்தினாள். சனிக்கிழமை முழுக்க ஊரே தொட்டியில் இறங்கியது. காஷ்பர் ஏறின தொட்டி மட்டும் நகரவில்லை, அவனை அங்கேயே விட்டுவிட்டோம். இன்று காலை கோயிலுக்குக்கூட யாரும் போகவில்லை. பாதிரியாரே ஒரு தொட்டி இறக்கினார்.

மத்தியானம் டீச்சர் அளவுகோலோடு ஏறி வந்தார். ஜோஃப்கா மேலிருந்து வருகிறாள். தொட்டியில் பிரேக் கிடையாது. "டீச்சர், காலைத் தூக்குங்க!" என்றாள். அவர் தூக்கினார், தொட்டிக்குள் விழுந்தார். இருவரும் பனியோடு பனியாக அடிவாரம் போய்ச் சேர்ந்தார்கள். போயிற்று ஏழாம் வகுப்பு என்று நினைத்தேன் மச்சான். டீச்சர் எழுந்தார், கண்ணாடியைத் துடைத்தார், சிரிக்கவில்லை. அளவுகோலைக் குத்தினார். முப்பத்தொன்று. ஏறிக்கொண்டே பதினொரு இடத்தில் குத்தினார், எல்லாம் முப்பதுக்கு மேல். பன்னிரண்டாவது இடத்தில் இருபத்தாறு.

"இங்க நாலு கொறையுதே?" என்றார்.

ஜோஃப்கா அடுத்து வந்த தொட்டியை அவர் காலடியில் கவிழ்த்தாள். "இப்ப அளங்க."

முப்பத்தெட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டார். காகிதத்தில் பன்றிக் கொழுப்பு பட்டிருக்கிறது, ஆனாலும் செல்லும். போகும்போது மூன்று ஹுர்கா வாங்கிக்கொண்டு, "நாளைக்கு இந்தத் தொட்டிங்களை எங்கயாவது ஒளிச்சு வெச்சிடுங்க. பசங்க பார்த்தா அப்புறம் ஸ்கீயைத் தொடமாட்டாங்க" என்றார்.

ஆகவே நாளை காலை பிள்ளைகள் வருகிறார்கள், நீங்கள் நிம்மதியாகப் படுத்திருங்கள். ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். நர்ஸம்மாவிடம் சொல்லி அலமாரியைத் திறந்து, கோட்டை உதறி, சாவியை அக்காவிடம் கொடுத்து அனுப்புங்கள். குணமாகி வந்ததும் ஊர் முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்டால் போதும், நான் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொள்கிறேன். திருநாளுக்கு முந்தின ராத்திரி பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி புனித மிகுலாஷ் உங்கள் செருப்பிலும் மிட்டாய் போடட்டும், ஒரு செருப்பில் போட்டால் போதும். எலும்பு சீக்கிரம் கூடட்டும், அழுத்தம் இறங்கட்டும், அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்த
வெந்தெலின்

பின்குறிப்பு: மிகுலாஷ் திருநாளுக்காக ஜோஃப்கா இப்போதுதான் என் கோயில் கால்சட்டையைத் தூசி தட்டினாள். உள்ளேயிருந்து ராட்ராக் சாவி விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் நீங்கள் கொடுத்த கையுறையை அப்படியே இந்தக் கால்சட்டைப் பையில் திணித்தபோது அதற்குள் ஏதோ கனமாக இருந்தது என்று இப்போது ஞாபகம் வருகிறது. ஆறு பக்கத்தைத் திருப்பி எழுத எனக்குக் கை இல்லை, அதனால் மேலே உங்களைப் பற்றி எழுதியதை எல்லாம் வேறு யாரோ ஒரு மச்சானைப் பற்றி எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோஃப்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு மணி நேரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.