வலை மாஸ்டர் வைத்த பரீட்சை

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணி இருபது நிமிடம் வரைக்கும், கற்பிட்டிக் கரை முழுவதிலும் ஒருவனையும் குடிவெறியோடு வீதிக்கு அனுப்பாத ஒரே ஆள் வலை மாஸ்டர்தான். அவரிடம் குடிக்கப் போனவர்கள் குடித்ததைவிட முடிச்சுப் போட்டதுதான் அதிகம்.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருவார்களே, அவர்கள் தங்கும் கண்டக்குழி விடுதியொன்றில் மது ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. அதற்கு முன் முப்பது வருடம் கடலில் மீன் பிடித்தவர். நானோ மது வாசனையே ஆகாத பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் சிநேகிதம் ஒரு கடதாசியால் வந்தது. மதுபானம் பரிமாறுகிறவர்களுக்கான ஒருநாள் பயிற்சிக்கு விடுதி அவரை அனுப்பியது. சிங்களத்தில் அச்சடித்த பாடக் குறிப்போடு திரும்பினார். சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்க வராது. என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வெறியில் இருப்பவனுக்கு மேலும் கொடுக்கக் கூடாது. கொடுத்து, அவன் வெளியே போய் யாருக்காவது தீங்கு செய்தால், ஊற்றியவனும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டிவரும். இதற்கெல்லாம் தலையாட்டினார். வெறியை அடையாளம் காண்பது எப்படி என்ற பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கண் சிவந்திருக்கும் எண்டா எழுதியிருக்கு?”

“ஓம்.”

“நாள் முழுக்க உப்புத் தண்ணில கிடந்தவன் எவனுக்கு சேர் கண் வெள்ளையா இருக்கும்? பிறகு?”

“நடை தள்ளாடும்.”

“மணல்ல ஆர் சேர் நேரா நடக்கிறது? பிறகு?”

“பேச்சுக் குழறும்.”

“அவனுகள் காலமையில, குடிக்க முன்னம் பேசுறதே எனக்கு விளங்கல்ல.”

அடுத்த நாளே மது மேசையின் மேல் கிழிந்த வலையொன்றை விரித்துவிட்டார். இரண்டாவது கிளாஸ் வேண்டுமென்றால் அந்தக் கிழிசலில் நூலை முடிச்சுப் போட்டு ஒரு வலைக்கண் கட்ட வேண்டும். மூன்றாவதற்கு இன்னொரு கண். முடிச்சு நழுவினால் இளநீர்தான். வலை மாஸ்டர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ஒரு ஜேர்மன்காரர் இரண்டாவது பியருக்காக மூன்று நாள் பழகினார். முடிச்சுப் பிடிபட்ட சந்தோஷத்தில் பியரை மறந்துவிட்டு, பொழுது சாயும்வரை பின்னிக்கொண்டிருந்தார். நரைத்த தாடிக்காரர் ஒருவரிடம் மாஸ்டர் வயதுக்கு அத்தாட்சி கேட்க, அந்த மனிதர் பூரித்துப்போய் மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேட்க வைத்தார். மெனேஜரே ஒருநாள் முடிச்சைத் தவறவிட்டு, தன் விடுதியிலேயே இளநீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனார். பௌர்ணமிப் போயா தினத்தில் மது விற்கக் கூடாது. அன்றைக்கும் வலை விரித்திருக்கும். கிழிசலுக்கு லீவு இல்லையே என்பார்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் கைகால் வைத்துச் சொல்லிச் சிரித்தவன் நான். சட்டம் எழுதியவர்களுக்கே இந்த யோசனை வரவில்லை என்று அவரிடம் சொன்னவனும் நான்தான்.

எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தவன் வெள்ளைக்காரனல்ல. பக்கத்துக் கரை மீனவன். சின்ன வயதிலிருந்தே வலை பின்னிய கை. தலை எப்படிச் சுற்றினாலும் அது தன் வேலையைச் செய்யும். ஆறு கண்கள் கட்டினான். ஆறும் அளந்து வைத்தது போல ஒரே அளவு. ஆறு தரமும் மாஸ்டர் ஊற்றினார்.

நாலு இருபதுக்கு அவன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். என் மகள் ருஷ்தா டியூஷன் முடிந்து, அதே வீதியில் சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்தாள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. தலையில் அடி. புத்தளம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. இன்றைக்கும் வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன், அவள் உள்ளே கட்டிலில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும்.

மெனேஜர் பழங்களோடு வந்தார். அந்த மனிதன் எங்களிடம் ஒரேயொரு பியர்தான் குடித்தான், மிச்சம் வேறெங்கோ என்றார். என் மனைவி தஸ்பீஹ் மணிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலை மாஸ்டர் வரவேயில்லை. அவரிடம் கேட்பதற்கென்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். நல்ல சொற்கள் அல்ல.

மூன்றாம் நாள் காலை மகள் கண் திறந்தாள்.

“வாப்பா, என்ட பேக் எங்க?”

அழுவதற்காக வெளியே ஓடிவந்தேன். வாசற்படியில் வலை மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். பயிற்சிக்குப் போட்டுப்போன அதே வெள்ளைச் சட்டை. முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது. கையில் ஒரு உரப்பை, அதன் வாயில் நைலோன் வலை பிதுங்கிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்த சொற்களை விட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

“புள்ள?” என்றார்.

“கண் முழிச்சிட்டா.”

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு உரப்பையை என் பக்கம் நீட்டினார்.

“மெனேஜர் இதை எரிக்கச் சொன்னார், சேர். அவன் கட்டின ஆறு கண்ணும் அப்பிடியே இருக்கு. நான் அவன்ட கையைத்தான் பார்த்தன், ஆளைப் பார்க்கல்ல. இப்ப பொலிஸுக்குப் போறன். அவங்க சிங்களத்திலதான் எழுதுவாங்க. நான் சொன்னதில ஒண்டையும் குறைக்காம எழுதியிருக்கா எண்டு நீங்க வந்து பாருங்க, சேர். உங்களை விட்டா எனக்கு வாசிச்சுச் சொல்ல வேற ஆர் இருக்கா?”